பழைய லண்டன் நகரக்காட்சி: நிறம் அச்சின் காலத்ததா, பின்னால் தீட்டியதா?

தேம்ஸ்கரையான் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் நடந்த பழம்பொருள் ஏலத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த ஒரு லண்டன் நகரக்காட்சியை வாங்கினேன். வானத்தில் பறக்கும் பறவையின் கண்ணுக்கு ஊர் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்து, செப்புத்தகட்டிலிருந்து அச்சிட்டு, அதன்மேல் கையால் நிறம் தீட்டிய படம் அது. இடப்புறம் வெஸ்ட்மின்ஸ்டர், அங்கிருந்து வளைந்து வலப்புறம் நோக்கி ஓடும் தேம்ஸ், ஆற்றின் குறுக்கே வீடுகளைச் சுமந்து நிற்கும் பழைய பாலம், தென்கரையில் கரடியையும் காளையையும் நாய்களோடு மோதவிட்ட இரண்டு வட்ட அரங்குகள், முன்னால் ஒரு மேட்டின்மீது முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து உடையில் நிற்கும் சில மனிதர்கள் என்று, பார்க்கப் பார்க்க அலுக்காத ஒரு காட்சி.

ஏல அட்டவணையில் 'பிரவுன், ஹோகன்பெர்க், கொலோன், 1572, அக்கால நிறம்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஐயம் வந்தது. கூரைகளின் சிவப்பும் வயல்வெளிகளின் பச்சையும் மங்கி, தாளோடு தாளாக ஒட்டிப்போயிருக்க, ஆற்றின் நீலம் மட்டும் நேற்றுத் தீட்டியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. முன்னால் நிற்கும் பெண்மணியின் பாவாடையிலும் அதே புத்துணர்ச்சியோடு ஓர் இளஞ்சிவப்பு தெரிகிறது. நானூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த நிறம் இப்படியா இருக்கும்?

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டேன். தாளின் அகலம் சுமார் 53 செ.மீ., உயரம் 40 செ.மீ. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு இருக்கிறது. அதன் கீழ்முனையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. பின்பக்கம் முழுவதும் அச்செழுத்துகள் நிறைந்திருக்கின்றன. கூர்மையான முனைகளோடு கறுத்து நெருங்கிய எழுத்து, ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. இந்தப் படம் உண்மையானதா, 1572 என்ற ஆண்டை நம்பலாமா, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நிறம் எந்தக் காலத்தது என்பதை வீட்டில் இருந்தபடியே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

செப்புத்தகடு

தேம்ஸ்கரையான் அவர்களுக்கு, நிறத்துக்குப் போவதற்கு முன்னால் அச்சைப் பார்த்துவிடுவோம். அச்சு எந்தக் காலத்தது என்று தெரியாமல் நிறம் 'அக்காலத்தது' என்று சொல்வதில் பொருளே இல்லை.

உங்களிடம் இருப்பது தனிப்படமாகப் பிறந்ததன்று; ஒரு பெருநூலின் ஏடு. கொலோன் நகரத்துக் குருவானவர் கியோர்க் பிரவுன் உரை எழுதித் தொகுக்க, ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் தகடு செதுக்க, 1572 முதல் 1617 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த 'சிவிடாட்டெஸ் ஓர்பிஸ் டெராரும்' என்ற நகரங்களின் படத்தொகுப்பு அது. ஆறு தொகுதிகளிலும் சேர்த்து ஐந்நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நகரக்காட்சிகள் உண்டு. ஆண்ட்வெர்ப்பில் ஆபிரகாம் ஓர்டேலியஸ் 1570இல் நாடுகளின் வரைபடங்களை ஒரே அளவில், ஒரே கட்டமைப்பில் தொகுத்து வெற்றி கண்டதைப் பார்த்து, நாடுகளுக்கு அவர் செய்ததை ஊர்களுக்கு இவர்கள் செய்தார்கள். அந்த முதல் தொகுதியின் முதல் படமே லண்டன்தான். (பெரும்பாலான ஊர்கள் ஐரோப்பாவைச் சேர்ந்தவை என்றாலும், அதே முதல் தொகுதியில் கோழிக்கோட்டுக்கும் ஒரு காட்சி இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

பின்பக்கத்து எழுத்து புரியவில்லை என்றீர்கள். நீங்கள் சொல்லும் கூர்முனை எழுத்து ஜெர்மன் அச்செழுத்தாகத்தான் இருக்க வேண்டும். இலத்தீன் பதிப்பென்றால் இன்றைய ஆங்கில எழுத்துகளைப் போன்ற உருவில், சொல் விளங்காவிட்டாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இருந்திருக்கும். இங்கேதான் அட்டவணையின் முதல் பிழை இருக்கிறது. 1572இல் வந்தது இலத்தீன் பதிப்பு. முதல் தொகுதியின் ஜெர்மன் பதிப்பு 1574இல் வந்தது. பிரெஞ்சுப் பதிப்பும் அதையொட்டி வந்தது. ஆகவே பின்னால் ஜெர்மன் உரை இருக்கும் ஏட்டுக்கு 1572 என்ற ஆண்டைச் சூட்ட இடமில்லை. விற்பவர்கள் பலரும் தொகுதி முதன்முதலில் வெளிவந்த ஆண்டையே எல்லாப் படிகளுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது பொய் என்பதைவிடச் சோம்பல் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

லண்டன் ஏட்டுக்கு மட்டும் உரிய இன்னொரு சோதனையும் உண்டு. செம்புத் தகடு மரக்கட்டையைப் போன்றதன்று. ஓரிடத்தைத் தட்டிச் சமன்செய்து, அதே தகட்டில் புதிதாகச் செதுக்கிச் சேர்க்க முடியும். லண்டன் தகட்டின் முதல் நிலையில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகர் கூடம் கிடையாது. 1571ஆம் ஆண்டு தொடக்கத்தில் எலிசபெத் அரசி நேரில் வந்து அதற்கு அரச மதிப்பைத் தந்த பிறகு, படம் பழையதாகிவிடக் கூடாதென்று தகட்டில் அந்தக் கட்டடத்தைச் சேர்த்தார்கள். பாலத்தின் வடமுனையிலிருந்து நேரே வடக்கே ஏறும் தெருவைப் பிடித்துக்கொண்டு போய், அதன் மேற்குப்புறத்தில், நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய கட்டடம் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுங்கள். இருந்தால் உங்களுடையது இரண்டாம் நிலை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்றுண்டு. புதிய வணிகர் கூடத்தை அக்கறையோடு சேர்த்தவர்கள், தூய பவுல் தேவாலயத்தின் வானளாவிய கூர்ங்கோபுரத்தைத் தொடவே இல்லை. 1561 ஜூனில் மின்னல் விழுந்து எரிந்துபோன கோபுரம் அது; பிறகு கட்டப்படவே இல்லை. படம் வெளிவரும் முன்பே அந்தக் கோபுரம் லண்டன் வானத்தில் இல்லை. ஆனாலும் படத்தில் அது நிற்கிறது, ஏனென்றால் பிரவுனும் ஹோகன்பெர்க்கும் லண்டனுக்கு ஆள் அனுப்பிப் புதிதாக அளக்கவில்லை. ஏறத்தாழ 1550களின் நகரைக் காட்டிய ஒரு பெரிய வரைபடத்தைச் சுருக்கித் தகட்டில் ஏற்றினார்கள். ஒரே தாளில் எரிந்துபோன கோபுரமும் அதற்குப் பத்தாண்டு பிந்திய வணிகர் கூடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பிற்காலப் போலி அச்சா என்ற கேள்விக்கு விரைவாக ஒரு விடை. அச்சுப் பகுதியைச் சுற்றித் தாள் அமுங்கிய தடம் ஒன்று இருக்க வேண்டும். செம்புத் தகட்டின்மேல் ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தியதால் வந்த தடம் அது. கறுப்புக் கோடுகள் தாளுக்கு மேல் மயிரிழையளவு புடைத்து நிற்கும். ஒளிப்பட முறையில் அச்சிட்ட நகலென்றால் கண்ணாடிக்கு அடியில் கோடு, புள்ளிகளாகக் கலைந்துவிடும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சீரான இடைவெளியில் கம்பி வரிகள் தெரிய வேண்டும். அவை தெரியாமல் தாள் முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய தாளாக இருக்கவே முடியாது.

நிறத்தைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவரை அழைக்கிறேன்.

தாள்மருத்துவச்சி

அழைப்புக்கு நன்றி ஐயா. நான் காகிதப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். இத்தகைய ஏடுகள் பல என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. படத்தைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரு பொதுவான செய்தி. அந்தக் காலத்தில் நூலை நிறமில்லாமலும் வாங்கலாம், கூடுதல் பணம் கொடுத்து நிறம் தீட்டியும் வாங்கலாம். நிறம் தீட்டுவது தனித் தொழில். ஓர்டேலியஸே ஆண்ட்வெர்ப்பின் ஓவியர் சங்கத்தில் 1547இல் வரைபடங்களுக்கு நிறம் தீட்டுபவராகத்தான் பதிவு செய்துகொண்டார். அதே ஊரில் பிளான்டின் அச்சகத்துக்காக நிறம் தீட்டியவர்களில் மைன்கென் லீஃப்ரிங்க் என்ற பெண்மணியின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. ஆகவே அக்கால நிறம் என்பது அரிய அதிசயமொன்றுமில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழைய நூல்களைப் பிரித்து, ஏடு ஏடாகச் சட்டமிட்டு விற்றபோது, நிறமில்லாத ஏட்டைவிட நிறமுள்ள ஏடு எளிதில் விலைபோனதால், ஏராளமான ஏடுகளுக்குப் புதிதாக நிறம் பூசினார்கள். மத்தேயுஸ் மேரியன் 1642 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வெளியிட்ட ஜெர்மானிய நகரக்காட்சிகள் பெரும்பாலும் நிறமில்லாமலே விற்கப்பட்டவை. இன்று சுவரில் தொங்கும் நிறமுள்ள மேரியன் படங்களில் பெரும்பகுதி பிற்காலக் கைவண்ணமே.

இப்போது உங்கள் ஏட்டின் பின்பக்கத்துக்கு வாருங்கள். நிறத்தின் வயதை முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே நேர்மையாகச் சொல்லும். அக்காலத்துப் பச்சை பெரும்பாலும் செம்பிலிருந்து எடுத்தது. செம்பின்மேல் காடியின் ஆவி படும்படி வைத்து, அதில் படியும் களிம்பைச் சுரண்டி எடுத்து, பிசினில் குழைத்துத் தீட்டுவார்கள். இந்தக் களிம்புப் பச்சை தாளை மெல்ல மெல்லத் தின்னக்கூடியது. செம்பு தாளின் நாரைச் சிதைத்துப் பழுப்பாக்கும். அந்தப் பழுப்பு ஊறிப் பின்பக்கம் வரை வரும். இன்னும் முற்றினால் தாள் அந்த இடத்தில் மட்டும் உலர்ந்த சருகுபோல் நொறுங்கும். எனவே முன்னால் வயல்வெளி பச்சையாக இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், அதே வடிவத்தில் தேநீர்க்கறை போன்ற பழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு இருந்தால் அது நல்ல அறிகுறி. பழுப்புக்குப் பதிலாகப் பச்சையே, அதாவது நிறமே, பின்னால் ஊறித் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். பழைய தாளில் விலங்குப் பசை ஏற்றியிருப்பார்கள். அதனால் நிறம் மேலேயே நிற்கும். யாராவது தாளை வெளுப்பதற்காக நீரில் அலசியிருந்தால் அந்தப் பசை கரைந்துபோய்விடும். அதற்குப் பின் தீட்டிய நிறம் மை ஒற்றும் தாளில் ஊறுவதைப் போல நாருக்குள் இறங்கி, கோட்டைத் தாண்டிக் கசியும்.

இரண்டாவது சோதனையை நான் மிகவும் நம்புகிறேன், ஏனென்றால் அதைப் போலியாகச் செய்வது கடினம். இந்த ஏடு நூற்றாண்டுக் கணக்கில் நடுவே மடிந்து நூலுக்குள் கிடந்திருக்கிறது. மடிந்த நிலையில் இடப்பாதியின் முகம் வலப்பாதியின் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஆகவே இடப்பக்கத்துப் பச்சை, எதிர்ப்பாதியில் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஒரு மங்கிய பழுப்பு நிழலை விட்டிருக்க வேண்டும். உதாரணமாக, மேற்கே வெஸ்ட்மின்ஸ்டருக்கு மேலுள்ள வெளிகளின் நிழல், கிழக்கே எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் பழுப்பாகத் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஏடு, சட்டத்துக்குள் விரித்த நிலையிலேயே இருந்திருப்பதால், இந்த நிழலை அது பெற்றிருக்காது.

மூன்றாவதுதான் உங்கள் நீலத்துக்கானது. கிழிசலைப் பின்னால் தாள் ஒட்டிச் சரிசெய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிழிசல் ஓடும் கோட்டை முன்பக்கத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். நிறம் கிழிசலுக்கு முந்தியதென்றால், கிழிந்த விளிம்பில் நிறமும் சேர்ந்து கிழிந்திருக்கும். உள்ளிருக்கும் வெள்ளை நார் துருத்திக்கொண்டு நிறமில்லாமல் தெரியும். நிறம் பிந்தியதென்றால், அந்த வெள்ளை நார்களின் மேலேயே நிறம் படிந்து, கிழிசலின் இடுக்கில் கருமையாகத் தேங்கியிருக்கும். பூச்சி அரித்த துளைகள் இருந்தால் அவற்றின் விளிம்பையும் இதே கண்ணோடு பாருங்கள். துளைக்குள் இறங்கி அடைத்த தாளின்மேல் நிறம் ஏறியிருந்தால், துளை முதலில் வந்தது, நிறம் பின்னர் வந்தது என்று ஐயமில்லாமல் சொல்லிவிடலாம்.

நீலத்தின் பளபளப்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்காலத்தில் நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புக் கனிமத்தையும், கோபால்ட் கலந்து உருக்கிய கண்ணாடியின் தூளையும் பயன்படுத்தினார்கள். கண்ணாடித் தூள் காலப்போக்கில் சாம்பல் நிறமாக வெளுக்கும். ஆனால் அசுரைட் ஒளி படாமல் நூலுக்குள் கிடந்திருந்தால் இன்றும் அழகாகவே இருக்கும். இரண்டுமே மணல்போலச் சற்று நெருநெருப்பான துகள்கள் உடையவை. கண்ணாடிக்கு அடியில் தனித்தனித் துகளாகத் தெரியும். துகளே தெரியாமல், சாயம்போல ஒரே சீராகப் படிந்திருந்தால் பிரஷ்ய நீலமாக இருக்கக்கூடும். அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் உலகில் எவரிடமும் இல்லாத நிறம். அது உறுதியானால், அந்தத் தூரிகையைப் பிடித்தவர் ஹோகன்பெர்க்கின் கொள்ளுப்பேரன் காலத்துக்கு முற்பட்டவராக இருக்க முடியாது. முழு உறுதி வேண்டுமென்றால் ஆய்வகத்தில் ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை செய்யலாம். தாளைத் தொடாமலே அதில் இரும்பு இருக்கிறதா, செம்பு இருக்கிறதா, கோபால்ட் இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஈரப் பஞ்சால் தொட்டு நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்கும்படி எங்காவது படித்திருந்தால், அதைச் செய்யாதீர்கள். பழைய நிறமும் பிசினில் குழைத்ததுதான், அதுவும் கரையும்.

மாடத்துப்புறா

இருவரும் நிரம்பச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் முரண்பட வந்திருக்கிறேன்.

'அக்கால நிறம்' என்பதை உண்மையின் முத்திரைபோலப் பேசுகிறோம். ஆனால் இந்தக் காட்சியை வரைந்தவரோ தகடு செதுக்கியவரோ அந்த நிறங்களைத் தீர்மானிக்கவில்லை. கொலோனிலோ ஆண்ட்வெர்ப்பிலோ அமர்ந்து, லண்டனை வாழ்நாளில் கண்டிராத ஒருவர், கூரை என்றால் சிவப்பு, புல் என்றால் பச்சை, நீர் என்றால் நீலம் என்ற பட்டறை வழக்கத்தின்படி தீட்டியது அது. ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு படிகளில் ஒரே மனிதரின் மேலங்கி ஒன்றில் ஊதாவாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் இருக்கக் காணலாம். ஆகவே 16ஆம் நூற்றாண்டுத் தூரிகைக்கும் 19ஆம் நூற்றாண்டுத் தூரிகைக்கும் உள்ள வேறுபாடு வயதில் இருக்கிறதே தவிர, லண்டனைப் பற்றிய அறிவில் இல்லை.

படமேகூட அப்படித்தான். மனிதன் முதன்முதலில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறியது 1783இல். அதற்கு முன் எந்த ஓவியனும் ஒரு நகரை இந்தக் கோணத்தில் கண்டதில்லை. தரையில் நடந்து, காலடியாலும் அளவுக் கயிற்றாலும் தெருக்களை அளந்து, ஆலயக் கோபுரங்களில் ஏறித் திசை குறித்து, முதலில் ஒரு தள வரைபடம் போடுவார்கள். பிறகு அந்தத் தளத்தைச் சாய்த்துவைத்தாற்போல் வரைந்து, அதன்மேல் ஒவ்வொரு கட்டடமாக எழுப்புவார்கள். வீடுகள் தெருவை மறைத்துவிடக் கூடாதென்று தெருவை அகலமாக்குவார்கள். ஊரின் பெருமைக்குரிய கோபுரத்தை உயர்த்துவார்கள். 1500இல் வெளிவந்த வெனிஸ் நகரத்தின் மாபெரும் மரச்செதுக்கு அச்சு, யாக்கோப்போ தே பார்பரி வரைந்தது, ஆறு கட்டைகளில் செதுக்கியது, ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுடையது. அதற்கு மூன்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது. பிளாண்டர்ஸின் ப்ரூஜ் நகரம் தன் துறைமுக வணிகம் குன்றிவந்த காலத்தில், நகரத்தார் மார்க்கஸ் கெரார்ட்ஸிடம் பணம் கொடுத்து 1562இல் ஒரு பறவைப் பார்வைப் படம் செய்வித்தார்கள்; அதில் கடலுக்குப் போகும் நீர்வழிகள் உண்மையைவிடத் தாராளமான அகலத்தோடு இருக்கின்றன. கப்பல் வராத ஊருக்குக் கப்பலை வரவழைக்க வரைந்த படம் என்று சொன்னால் தவறில்லை.

முன்னால் நிற்கும் மனிதர்களுக்கும் பிரவுன் ஒரு காரணம் சொல்லிவைத்தார். மனித உருவத்தைக் காண்பது தம் சமயத்துக்கு ஆகாதென்று கருதும் துருக்கியர், இந்தப் படங்களைப் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்றார். கோட்டை மதில்களின் அமைப்பையெல்லாம் ஊரறிய அச்சிட்டுவிட்டு, காவலுக்கு நான்கு பேரை முன்னால் நிறுத்திய அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

எனவே தேம்ஸ்கரையான், நீலம் பிந்தியது என்று தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். விலையில் வேறுபாடு உண்டுதான். அதை விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

செப்புத்தகடு

மாடத்துப்புறாவின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். நிறம் தீட்டியவருக்கு லண்டன் தெரியாது என்பது உண்மை. ஆனால் பழைய நிறம், அந்த நூல் எப்படி விற்கப்பட்டது, யார் எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார் என்பதற்குச் சான்று. புதிய நிறம், நூலைப் பிரித்தவர் சட்டத்துக்காக என்ன செய்தார் என்பதற்குச் சான்று. இரண்டும் வரலாறுதான் என்றாலும் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்பது சரியன்று. விற்றவர் எழுதிக் கொடுத்த சொற்களுக்குத்தானே நீங்கள் பணம் கொடுத்தீர்கள்!

தேம்ஸ்கரையான்

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வணிகர் கூடம் இருக்கிறது. ஐயா சொன்ன தெருவைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் தேடியும் கண்ணுக்குப் படவில்லை. நான்காம் நாள், நான் ஏற்கெனவே பலமுறை கடந்துபோன ஒரு சதுரமான முற்றம்தான் அது என்று புரிந்தது. பின்பக்கத்து எழுத்தின் ஒளிப்படத்தை ஜெர்மன் தெரிந்த ஒரு நண்பருக்கு அனுப்பினேன். ஜெர்மன்தான் என்று உறுதி செய்தார். ஆகவே 1572 போய்விட்டது. அச்சுத்தடமும் கம்பி வரிகளும் தெளிவாக இருக்கின்றன. கோடுகளை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது புடைப்பு நன்றாகத் தெரிந்தது.

நிறத்தில்தான் எதிர்பாராத விடை கிடைத்தது. பின்பக்கத்தில் வடக்கு வயல்வெளிகளுக்கு நேர் பின்னால், அவற்றின் ஓரம்கூடப் பிசகாமல், பழுப்பு படர்ந்திருக்கிறது. மடிப்பு நிழலும் இருக்கிறது! நகருக்குக் கிழக்கே வெறும் தாளாக விட்ட ஓரிடத்தில் ஒரு மங்கிய அழுக்கு இருந்தது. அதை இத்தனை நாளும் கறை என்றே நினைத்திருந்தேன். ஒரு மெல்லிய தாளில் மேற்குப்புறத்துப் பச்சையின் உருவைப் படியெடுத்து, மடிப்புக் கோட்டை ஒட்டித் திருப்பி வைத்தேன். அழுக்கின்மேல் அப்படியே பொருந்தியது.

ஆனால் கிழிசலின் கதை வேறு. அது கீழ் ஓரத்திலிருந்து மேலேறி, முன்னால் நிற்கும் பெண்மணியின் பாவாடை விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் வெள்ளை நார்களின்மேல் இளஞ்சிவப்பு படிந்திருக்கிறது. இடுக்கில் ஒரு கருஞ்சிவப்புக் கோடாகத் தேங்கியும் இருக்கிறது. ஆற்றில், பாலத்துக்குக் கிழக்கே, குண்டூசித் தலையளவு ஒரு பூச்சித்துளையைக் கண்டேன். அதை அடைத்த தாளின்மேலும் நீலம் தங்குதடையின்றிப் போகிறது. நீலத்தில் துகள் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரே படத்தில் பச்சை பழையதாகவும் நீலம் புதியதாகவும் இருக்க முடியுமா, அல்லது நான் பார்க்க விரும்பியதைப் பார்க்கிறேனா?

தாள்மருத்துவச்சி

முடியும், அடிக்கடி நடப்பதும் அதுவே. பச்சை, கூரைச் சிவப்பு போன்ற சில நிறங்களை மட்டும் முதலில் தீட்டிவிட்டு, ஆற்றையும் மனிதர்களையும் வெறுமையாகவோ மிக இலேசாகவோ விட்ட படிகள் உண்டு. பிறகு ஒருவர் கிழிசலைச் சரிசெய்து, துளையை அடைத்து, படம் 'நிறைவாக' இருக்கட்டும் என்று நீலத்தையும் இளஞ்சிவப்பையும் சேர்த்திருக்கிறார். கைத்திறன் உள்ளவர்தான், பாவாடையின் மடிப்புகளில் நிழல் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், பாருங்கள். துகள் இல்லாத நீலம் என்பது பிரஷ்ய நீலத்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் துளையை அடைத்த தாளே போதுமான சான்று, அதற்காக ஆய்வகத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

நீலத்தை எடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். எடுக்காதீர்கள். அதைக் கரைக்கும் நீர் பச்சைக்கும் போகும். பச்சையில் இருக்கும் செம்பு ஈரத்தில் இடம்பெயர்ந்து இதுவரை நலமாக இருந்த தாளையும் தின்னத் தொடங்கும். பழுப்பு படர்ந்த இடங்களில் தாள் வெடித்திருக்கிறதா என்று மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் சட்டமிடும்போது அமிலமற்ற அட்டை, கோதுமைப் பசையில் ஒட்டிய ஜப்பானியத் தாள் கீல்கள், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டுநாடா எந்த வகையானாலும் கிட்டே வரக் கூடாது. வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். பின்பக்கத்து அட்டையில் ஒரு சாளரம் வெட்டி வைக்கச் சொல்லுங்கள்; அடுத்து வைத்திருப்பவர் அந்தப் பழுப்பைப் பார்க்கச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிராது.

தேம்ஸ்கரையான்

பாவாடையில் நிழல் இருக்கிறது, அம்மா, இரண்டு மடிப்புகளில். ஏலக்காரர்களுக்கு எல்லாவற்றையும் ஒளிப்படங்களோடு எழுதி அனுப்பினேன். ஆண்டையும் நிற விவரத்தையும் திருத்திப் புதிய ரசீது தருவதாகவும், விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சட்டக்காரரிடம் சாளரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் வெட்டித் தருகிறாராம். படத்துக்குப் பின்னால் ஒட்ட நான் எழுதிவைத்திருக்கும் சீட்டு இது: 'லண்டன். பிரவுன், ஹோகன்பெர்க், கொலோன். முதல் தொகுதி, ஜெர்மன் உரை, தகட்டின் இரண்டாம் நிலை, 1574 அல்லது அதற்குப் பின். பச்சை பழையது. நீலமும் இளஞ்சிவப்பும் பழுது பார்த்த பிறகு தீட்டியவை.' இதில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், மையால் எழுதும் முன் மாற்றிவிடுகிறேன்.

தாள்மருத்துவச்சி

திருத்தம் ஒன்றுதான்: மை வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். சீட்டை ஏட்டின்மேல் ஒட்டாமல் அட்டையின்மேல் ஒட்டுங்கள்.